சர்க்கரைக்கு நெஞ்சுப் படம் எதுக்கு?

எங்கள் மாத்தூர் எம்.எம்.டி.ஏ. குடியிருப்பில் நான்கு வீடு தள்ளி இருப்பவர், மணலியில் ஒரு கம்பெனியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மாதம் அவர் மனைவி ஏழு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பினார். மறுநாள் காலையிலேயே மனுஷன் ஒரு பெரிய உறையையும் பில்லையும் எடுத்துக்கொண்டு என் வீட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"சார், நீங்க எக்ஸ்ரேவுலயே இருந்தவரு. சர்க்கரை ஏறிப்போச்சுன்னுதான் சேர்த்தோம். அதுக்கு ரத்தம் பாத்தான், யூரின் பாத்தான், சரி. நெஞ்சை எதுக்கு சார் படம் புடிக்கணும்? அதுவும் ரெண்டு தடவை! முதல் படத்துல ஒண்ணும் இல்லன்னு அவனே எழுதியிருக்கான். ஒண்ணும் இல்லன்னா அப்புறம் ரெண்டாவது எதுக்கு? காசு புடுங்கத்தானே?"

1979-ல் அரசு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டெக்னீஷியனாகச் சேர்ந்து 2013-ல் ஓய்வு பெற்றேன். இந்தக் கேள்வியை எக்ஸ்ரே அறை வாசலில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள் என்று கணக்கே இல்லை. அங்கே காசு கிடையாது, ஆனாலும் கேட்பார்கள். "சர்க்கரை மயக்கம்னு கூட்டியாந்தா நெஞ்சைப் புடிக்கறாங்களே, மாத்தி எழுதிட்டாங்களா பாருங்க" என்று சீட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டுவார்கள். அப்போது பின்னால் இருபது பேர் நிற்பார்கள். "டாக்டர் எழுதியிருக்காரு, சட்டையைக் கழட்டுங்க" என்பதற்கு மேல் பேச நேரம் இருக்காது. இப்போது நேரம்தான் நிறைய இருக்கிறது. அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் காபி கொடுத்து உட்கார வைத்துச் சொன்னதை, கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன். நம் வயதுக்காரர்கள் வீட்டில் ஆளுக்கொரு சர்க்கரை மாத்திரை டப்பா இருக்கிறதே, எல்லோருக்கும் ஆகும்.

அந்த அம்மாவுக்கு நடந்தது இதுதான். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. இன்சுலின் போடுபவர். ஒரு புதன்கிழமை உடம்பு அசதி, லேசான இருமல். வியாழக்கிழமை சாப்பாடு இறங்கவில்லை, இரண்டு தடவை வாந்தி. "சாப்பிடவே இல்லையே, ஊசி போட்டா லோ ஆயிடும்" என்று இன்சுலினை நிறுத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மூச்சு வாங்க ஆரம்பித்தது. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டினார்கள். வீசிங் என்று நெபுலைசர் வைத்து, "மணலிக் காத்து, வேற ஒண்ணுமில்ல" என்று அனுப்பிவிட்டார்கள். சனிக்கிழமை விடியற்காலை கூப்பிட்டால் "ம்" என்று மட்டும் சொல்கிற நிலை. ஆம்புலன்ஸில் போய் இறங்கியபோது சர்க்கரை ஐந்நூற்றுச் சொச்சம், சிறுநீரில் கீட்டோன்.

அந்தக் கிளினிக்கை நான் ரொம்பத் திட்ட மாட்டேன். நம் பக்கத்தில் யாருக்கு மூச்சு வாங்கினாலும் முதலில் காற்றின் மேல்தான் பழி போகும். போகாமல் என்ன செய்யும்? மணலியில் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, எண்ணூரில் அனல் மின் நிலையச் சாம்பல், துறைமுகத்து லாரிப் புழுதி. 2023 டிசம்பர் கடைசியில் எண்ணூர் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆனால் எல்லா மூச்சிரைப்பையும் காற்றின் தலையில் கட்டிவிட்டால், காற்றுக்குச் சம்பந்தமில்லாத மூச்சிரைப்பு ஒன்று தப்பித்துப் போய்விடுகிறது.

அந்த மூச்சை நான் அடையாளம் கண்டுகொண்டது என் வேலையின் மூலமாகத்தான். நெஞ்சுப் படம் எடுத்தவர்கள் எல்லோருக்கும் தெரியும், "மூச்சை இழுங்க... புடிங்க... புடிங்க... விடுங்க" என்போம். ஆஸ்துமாக்காரர் இழுக்கத் திணறுவார், ஆனாலும் ஒரு நொடி பிடிப்பார். இதயம் பலவீனமானவர் படுக்க மாட்டார், உட்கார்ந்தபடி பிடிப்பார். ஆனால் இந்தச் சர்க்கரை அவசரத்தில் வருகிற ஆள் பிடிக்கவே மாட்டார். பிடிக்க முடியாது. வாயைத் திறந்துகொண்டு, ஆழமாக, வேகமாக, பட்டறைத் துருத்தி மாதிரி ஒரே தாளத்தில் மூச்சு போய் வந்துகொண்டே இருக்கும். கரகரப்பு இருக்காது, விசில் சத்தம் இருக்காது. நாங்கள் மில்லி ஆம்பியரை ஏற்றி நேரத்தைக் குறைத்து, அவர் மூச்சு உள்ளே போய் நிற்கும் அந்தக் கண நேரத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். இல்லையென்றால் படம் ஆடிப்போய்விடும்.

ஜெர்மனியில் அடால்ஃப் குஸ்மால் என்ற டாக்டர் 1874-லேயே இந்த மூச்சைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். காற்று தாராளமாக உள்ளே போய் வருகிறது, எங்கேயும் அடைப்பு இல்லை, ஆனாலும் ஆள் காற்றுக்குப் பசித்தவன் போல இழுக்கிறான் என்பதுதான் அவர் கவனித்த விநோதம். ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். ஆக, படம் பிடிக்கும் வசதி வருவதற்கு இருபத்தோரு வருடம் முன்பே, காதையும் கண்ணையும் வைத்தே அந்த மனுஷன் கண்டுபிடித்திருக்கிறார்.

1986 என்று நினைவு. இரவு டூட்டி. துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பையன் ஒருவனை, இருபத்திரண்டு வயது இருக்கும், கூட வேலை செய்பவர்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சீட்டில் "மூச்சுத் திணறல், நிமோனியாவா?" என்று கேள்விக்குறியோடு எழுதியிருந்தது. படம் எடுத்து, டார்க் ரூமில் கழுவி, காயக்கூட வைக்காமல் ஹேங்கரோடு ஈரப் பிலிமையே கொண்டுபோய் டூட்டி டாக்டரிடம் கொடுத்தேன். தண்ணீர் சொட்டச் சொட்ட விளக்குப் பெட்டியில் மாட்டிப் பார்த்தார். சின்ன வயது டாக்டர், அப்போதுதான் எம்.டி. படித்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் கண்ணாடி மாதிரிச் சுத்தம். பத்து விலா எலும்பு எண்ணலாம், அவ்வளவு நன்றாக விரிந்த நுரையீரல்.

"நுரையீரல் இவ்வளவு சுத்தமா இருந்தா இவன் ஏன்யா இப்படி மூச்சு வாங்கறான்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். என்னைக் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டார். சட்டென்று திரும்பிப் போய்ப் பையனின் வாய்ப்பக்கம் குனிந்து முகர்ந்தார். அழுகின பழ வாசனை. அப்போதெல்லாம் விரலில் குத்திப் பார்க்கும் மீட்டர் வார்டில் ஏது? சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலில் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினார்கள். செங்கல் நிறம். ரோத்ரா சோதனை செய்தால் ஊதா. சர்க்கரை இருப்பதே அந்தப் பையனுக்கு அதுவரை தெரியாது. அன்றைக்கு அந்தப் படம் நோயைக் காட்டவில்லை. நோய் நெஞ்சில் இல்லை என்று காட்டியது. அதுவே போதுமாக இருந்தது. பிறகு வெகுகாலம் அவனை ராயபுரம் மார்க்கெட் பக்கம் பார்ப்பேன், கையில் இன்சுலின் பையோடு.

உள்ளே நடப்பது என்ன என்பதை எனக்கு டாக்டர்கள் சொன்ன மாதிரியே சொல்கிறேன். இன்சுலின் இல்லையென்றால் ரத்தத்தில் சர்க்கரை வழிந்தாலும் உடம்பால் அதை எரிக்க முடியாது. அடுப்பு பக்கத்திலேயே விறகு இருந்தும் பற்றவைக்க முடியாத நிலை. உடனே கொழுப்பை எரிக்க ஆரம்பிக்கும். அதன் கழிவுதான் கீட்டோன் என்ற அமிலம். ரத்தம் புளித்துப்போகிறது. அந்தப் புளிப்பைக் குறைக்க நுரையீரல் கரியமில வாயுவை வெளியே தள்ளித் தள்ளிப் பார்க்கிறது. அதுதான் அந்தத் துருத்தி மூச்சு. இன்னொரு பக்கம், சர்க்கரை சிறுநீரோடு போகும்போது தண்ணீரையும் உப்பையும் இழுத்துக்கொண்டு போகிறது. நாக்கு வறண்டு, கண் உள்ளே போய், லிட்டர் கணக்கில் தண்ணீர் குறைந்துவிடும். ஆங்கிலத்தில் இதை டயபடிக் கீட்டோ அசிடோசிஸ் என்பார்கள். டாக்டர்கள் சுருக்கமாக டி.கே.ஏ. என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

சரி, பன்னிரண்டு வருடமாக ஒழுங்காக ஊசி போட்ட அம்மாவுக்குத் திடீரென்று ஏன் வர வேண்டும்? இங்கேதான் நெஞ்சுப் படம் வருகிறது. இந்த அவசரம் பெரும்பாலும் தானாக வருவதில்லை, பின்னாலிருந்து ஏதோ ஒன்று தள்ளிவிடுகிறது. ஊசியை நிறுத்தியது ஒன்று. அதற்கு அடுத்தபடி கிருமித் தொற்று. அதிலும் நுரையீரலும் சிறுநீர்ப் பாதையும்தான் முக்கியம். தொற்று வந்தால் உடம்பு பதறிப்போய்ச் சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும். அதாவது காய்ச்சல் வந்த நாளில் இன்சுலின் அதிகம் தேவைப்படும். நம் வீடுகளில் அன்றைக்குத்தான் "சாப்பிடலையே" என்று நிறுத்துகிறோம்! சாப்பிட முடியாத நாளில் எவ்வளவு போடுவது என்று, உடம்பு நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அதை மட்டும் அவர் எதிர்க்கேள்வி கேட்காமல் குறித்துக்கொண்டார்.

தள்ளிவிட்டது எது என்று கண்டுபிடிக்காமல் சர்க்கரையை மட்டும் இறக்கினால், இறங்கும், மறுபடி ஏறும். ஆனால் கண்டுபிடிப்பது அவ்வளவு சுலபம் இல்லை. தொற்று என்றால் காய்ச்சல் அடிக்க வேண்டுமே என்போம். இந்த நிலையில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து சூடு வெளியே போய்விடுவதால், உள்ளே நிமோனியா இருந்தும் உடம்பு குளிர்ந்து கிடக்கும். ரத்தத்தில் வெள்ளை அணு கூடியிருக்கிறதா என்று பார்க்கலாமே என்றால், தொற்றே இல்லாவிட்டாலும் இந்த அமிலத்தில் வெள்ளை அணு கூடிவிடும். மூச்சு வாங்குவதை வைத்துச் சொல்லலாம் என்றால் அது எப்படியும் வாங்கும். ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டால் துருத்திச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும். வழக்கமான சாட்சிகள் எல்லாம் பிறழ்சாட்சி ஆகிவிடுகிற வழக்கு இது. அதனால்தான் படம்.

முதல் படத்தில் ஏன் ஒன்றுமில்லை? பக்கத்து வீட்டுக்காரர் கொண்டு வந்த இரண்டு பிலிமையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். சனிக்கிழமைப் படம் சுத்தம். திங்கட்கிழமைப் படத்தில் வலது பக்கம் கீழே, நுரையீரலின் அடிப்பகுதியில், பஞ்சு ஒட்டின மாதிரி ஒரு வெண்மை. தண்ணீர் வற்றிய உடம்பில் நுரையீரலில் சளியும் நீரும் சேர வழியில்லை, அதனால் நிழல் விழாது, டிரிப்ஸ் ஏற்றி உடம்பு நனைந்த பிறகுதான் ஒளிந்திருந்த நிமோனியா வெளியே வரும் என்று என் காலத்துப் பெரிய டாக்டர்கள் சொல்வார்கள். இதை ஒப்புக்கொள்ளாத டாக்டர்களும் உண்டு. நோய் ஆரம்பித்த உடனே படத்தில் வராது, அதற்கே ஒன்றிரண்டு நாள் பிடிக்கும், தண்ணீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பார்கள். இரண்டில் எதுவானாலும் நமக்கு விஷயம் ஒன்றுதான். முதல் நாள் சுத்தமாக வந்த படம் கடைசித் தீர்ப்பு இல்லை. சர்க்கரை இறங்கி, அமிலம் குறைந்து, ஆனாலும் மூச்சு முழுசாக அடங்கவில்லை, ஆக்சிஜன் குறைகிறது என்றால் இன்னொரு தடவை பார்க்கத்தான் வேண்டும். அந்த அம்மாவுக்கு அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள். பார்த்ததால்தான் நிமோனியா மருந்து சரியாகப் போய்ச் சேர்ந்தது.

இரண்டாவது படத்துக்கு வேறு காரணமும் உண்டு. லிட்டர் லிட்டராகச் சலைன் ஏற்றும்போது, வயதானவர், இதயமோ கிட்னியோ பலவீனமானவர் என்றால் அந்தத் தண்ணீர் நுரையீரலில் தேங்கிவிடலாம். அப்போதும் படம் சொல்லும். எப்போதாவது, வாந்தி எடுத்த வேகத்திலும் மூச்சு இழுத்த வேகத்திலும் நுரையீரல் நுண்ணறை கிழிந்து இதயத்தைச் சுற்றிக் காற்று கசிந்திருக்கும். என் சர்வீஸில் இரண்டே இரண்டு பார்த்திருக்கிறேன், இரண்டும் இளம் வயதுப் பிள்ளைகள். இதயத்தின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு கறுப்பு வரி. பார்த்தால் பயமாக இருக்கும், பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும்.

இதெல்லாம் சொன்னதால் எல்லோருக்கும் எடுக்க வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஊசி தீர்ந்துபோய் வாங்கக் காசில்லாமல் நான்கு நாள் போடாமல் விட்டு வந்த பையன், இருமல் இல்லை, ஆக்சிஜன் சரியாக இருக்கிறது, மருந்து ஏற ஏறத் தெளிகிறான் என்றால், தள்ளிவிட்டது எது என்று தெரிந்துவிட்டதே, அப்புறம் படம் எதுக்கு? டாக்டர்களுக்கான வழிகாட்டு முறைகளும் தேவைப்பட்டால் எடு என்றுதான் சொல்கின்றன, கட்டாயம் என்று சொல்லவில்லை. குழந்தைகளுக்கு இன்னும் யோசித்துத்தான் எடுப்பார்கள். எடுத்தவுடனே சி.டி. ஸ்கேனுக்கு ஓடுவதும் எனக்குப் பிடிக்காது. கொரோனா காலத்தில் சளி பிடித்தவர்கள் எல்லாம் போய்ப் படுத்துவிட்டு வந்தார்களே, அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. கதிர்வீச்சைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் படுவது, நாம் சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் பத்து நாளைக்குள் நம் மேல் படுகிற அளவுதான். சி.டி.யில் அதைப்போலப் பல மடங்கு.

அதைவிட முக்கியம், எந்தப் படத்துக்காகவும் வைத்தியம் காத்திருக்கக்கூடாது. முதலில் சலைன், பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்து இன்சுலின். பொட்டாசியம் குறைவாக இருக்கும்போது அவசரப்பட்டு இன்சுலின் ஏற்றினால் அது இன்னும் குறைந்து இதயத் துடிப்பே தடுமாறிவிடும். கூடவே ஈ.சி.ஜி. சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வந்து அதுவே இந்த அவசரத்தைத் தள்ளிவிட்டிருக்கலாம். படம் இவற்றுக்கு நடுவில் வருவது. அதனால்தான் நல்ல வார்டுகளில் ஆளை எக்ஸ்ரே அறைக்கு உருட்டிக்கொண்டு வர மாட்டார்கள், எங்களை மெஷினோடு கட்டிலுக்கு வரச் சொல்வார்கள். அந்தப் பழைய போர்ட்டபிள் மெஷினை வராந்தாவில் தள்ளிக்கொண்டு போவதற்கே இரண்டு ஆள் வேண்டும். சக்கரம் ஒரு பக்கம் இழுக்கும், நாங்கள் ஒரு பக்கம் இழுப்போம். கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்து எடுத்தால் இதயம் நிஜத்தைவிடப் பெரிதாகத் தெரியும், அடிப்பகுதி சரியாகத் தெரியாது. அதனால் முதுகுக்குத் தலையணை கொடுத்தாவது நிமிர்த்தி உட்கார வைக்கப் பார்ப்போம். அந்த அடிப்பகுதியில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

அதை எனக்கு மறக்க முடியாமல் செய்தவர் காசிமேட்டில் மீன் விற்ற ஒரு பாட்டி. 1997-ல் எங்களிடம் வந்தார். அதற்கு முன் ஒரே வருடத்தில் மூன்று தடவை வேறோர் இடத்தில் சர்க்கரை ஏறி மயங்கிப் படுத்திருக்கிறார். மூன்று தடவையும் சர்க்கரையை இறக்கி, "கண்டதைத் தின்னாதீங்க" என்று அனுப்பியிருக்கிறார்கள். யாரும் நெஞ்சைப் பார்க்கவில்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தார். சர்க்கரை என்றால் இளைக்கத்தான் செய்யும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். எங்கள் படத்தில் இடது பக்கம் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் குழி. சளியைப் பார்த்தால் டி.பி. டி.பி. என்றால் நுரையீரலின் மேல் பக்கம்தான் தேடுவது வழக்கம். சர்க்கரைக்காரர்களுக்கு அது கீழ்ப்பக்கமும் வந்து உட்காரும். அந்தக் கிருமிதான் ஒவ்வொரு தடவையும் சர்க்கரையைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. மருந்து ஆரம்பித்தார்கள், உடம்பு தாங்கவில்லை. இரண்டாவது மாதம் போய்விட்டார். அவரோடு ஒரே பாயில் படுத்துத் தூங்கிய பேரனுக்குக் கழுத்தில் கட்டி இருப்பதை அப்போதுதான் பார்த்தார்கள். அவனுக்கு ஆறு மாத மருந்து கொடுத்துச் சரியாகிவிட்டது.

சர்க்கரை இருந்தால் டி.பி. வரும் வாய்ப்பு இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. நம் ஊரில் இது புத்தகத்துக் கணக்கு இல்லை. 2012-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், தமிழ்நாட்டில் டி.பி. மருந்து வாங்க வந்தவர்களைச் சோதித்தபோது நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தது, இன்னொரு கால்வாசிப் பேர் அதன் வாசலில் நின்றார்கள். அந்த ஆய்வைச் செய்தவர்கள் நம் ராயபுரத்துக்காரர்கள்தான். பேராசிரியர் எம். விசுவநாதன் 1948-ல் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1954-ல் ராயபுரத்தில் சர்க்கரைக்காகவே ஓர் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். சர்க்கரையைப் பணக்கார வியாதி என்று ஊர் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், துறைமுகத்துக் கூலிகளும் மீனவர்களும் வாழும் பேட்டையில் அதற்கு ஆஸ்பத்திரி! அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1956-ல், சேத்துப்பட்டில் டி.பி. ஆராய்ச்சி தொடங்கியது. சானடோரியத்தில் சேர்த்தால்தான் பிழைப்பார்கள் என்றிருந்ததை மாற்றி, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டினார்கள். இரண்டு நோய்க்கும் வழி காட்டிய ஊர் இது. ஆனாலும் ஒரு நோய்க்காரருக்கு இன்னொன்றையும் பார் என்பது அரசாங்க முறையாக வந்து சேர 2017 ஆகிவிட்டது.

வெளிநாட்டிலும் கதை இதுதான். உலகத்தில் முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டவர் கனடாவில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற பதினான்கு வயதுப் பையன், 1922 ஜனவரி 11. சாகக் கிடந்தவன் எழுந்து உட்கார்ந்தான். பதின்மூன்று வருடம் நன்றாக இருந்து, 1935-ல் இருபத்தாறாவது வயதில் இறந்தான். நிமோனியா.

நம் வயதுக்காரர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். அறுபது தாண்டியவர்களுக்குக் கீட்டோன் அதிகம் இல்லாமலே சர்க்கரை அறுநூறு எழுநூறு என்று ஏறி, பழ வாசனையும் இல்லாமல், துருத்தி மூச்சும் இல்லாமல், வெறும் தூக்கமாகப் போய்ச் சேருவது உண்டு. "தாத்தா ரெண்டு நாளா நல்லாத் தூங்கறாரு" என்பார்கள். அதற்குப் பின்னாலும் நிமோனியா ஒளிந்திருப்பது சர்வ சாதாரணம். இன்னொன்று, சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின் மாதிரி மாத்திரைகள் இப்போது மலிவாகிப் பல பேர் சாப்பிடுகிறார்கள். நல்ல மாத்திரைதான், இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்லது. ஆனால் அதைச் சாப்பிடுபவர்களுக்குச் சில சமயம் சர்க்கரை இருநூறுக்குக் கீழே இருக்கும்போதே அமிலம் ஏறிவிடும். வாந்தியும் மூச்சிரைப்பும் இருந்து, மீட்டரில் எண் சுமாராக இருக்கிறதே என்று வீட்டில் உட்கார்ந்துவிடக்கூடாது. கீட்டோனைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். எக்ஸ்ரே இரண்டுக்கும் பேனாவால் டிக் போட்டார். பிறகு பில்லில் இன்னும் மூன்று அயிட்டத்தைக் காட்டி, "அப்ப இது?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, அது என் துறையும் இல்லை. "அதை நீங்க போய்க் கேளுங்க, கேக்க வேண்டியதுதான்" என்றேன். கிளம்பும்போது உறையை என்ன செய்வது, பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிடலாமா என்று கேட்டார். பதறிப்போய்விட்டேன்.

ஒரு காலத்தில் பழைய பிலிமுக்கு ஏக கிராக்கி. அதில் வெள்ளி இருக்கிறது என்று காயலான் கடைக்காரர்கள் எடைக்கு வாங்குவார்கள். 1980 பிப்ரவரி சூரிய கிரகணத்துக்கு முந்தின நாள் எங்கள் டார்க் ரூம் வாசலில் தெருவே வந்து நின்றது, பார்ப்பதற்குப் பழைய பிலிம் வேண்டுமாம். கண்ணுக்கு அது ஆபத்து என்று சொன்னால் யார் கேட்டார்கள்? இப்போது வரும் பிலிமில் எடைக்குப் போட்டு மிஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் இருந்தால் அதற்கு வேறு மதிப்பு இருக்கிறது.

என் அக்கா தண்டையார்பேட்டையில் இருக்கிறார். 1987-ல் அவருக்கு டி.பி. வந்து, ஓட்டேரி டி.பி. ஆஸ்பத்திரியில் காட்டி, மருந்து முழுசாகச் சாப்பிட்டுக் குணமானார். வலது பக்கம் மேலே தழும்பு நின்றுவிட்டது. 1994-ல் ஒரு கண் ஆபரேஷனுக்கு முன்னால் நானே ஒரு நெஞ்சுப் படம் எடுத்து, தேதி போட்டு அவரிடம் கொடுத்திருந்தேன். 2019-ல் அக்காவுக்கு எழுபத்தொரு வயது. சர்க்கரை அறுநூறைத் தாண்டி, பேச்சுக் குழறிச் சேர்த்தோம். படத்தில் வலது பக்கம் மேலே வெண்மை, இடது பக்கம் கீழேயும் வெண்மை. இளம் டாக்டர், நல்ல பிள்ளை, மேலே இருப்பதைப் பார்த்ததும் டி.பி. திரும்பிவிட்டது, தனி அறைக்கு மாற்ற வேண்டும், சளி எடுக்க வேண்டும், மருந்து ஆரம்பிக்கலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார். மயக்கத்தில் கிடப்பவரிடம் சளி எங்கே எடுப்பது? நான் மருமகனை வீட்டுக்கு விரட்டினேன். "அம்மா பீரோவுல, கீழ்த்தட்டுல, பட்டுப் புடவைக்கு அடியில பாரு."

பழுப்பு உறை வந்தது. இருபத்தைந்து வருடத்துப் பிலிம், ஓரம் மஞ்சளாகியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். மேலே இருந்தது அப்படியே இருந்தது, ஒரு நூல் அளவும் மாறவில்லை. கீழே இருந்ததுதான் புதுசு. "அப்ப இதுதான் சார் ஆளு" என்று அந்த டாக்டர் கீழ்ப்பக்கத்து வெண்மையை விரலால் தட்டினார். சளிப் பரிசோதனையை அவர் விடவில்லை, அக்கா தெளிந்த பிறகு செய்து பார்த்தார். டி.பி. இல்லை. நிமோனியா மருந்து அன்றைக்கு இரவே ஆரம்பமாகிவிட்டது.

ஒன்பதாம் நாள் அக்காவை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். வந்ததும் முதலில் கேட்டது பீரோவை யார் கலைத்தது என்றுதான். இப்போது அந்தப் பட்டுப் புடவைக்கு அடியில் இரண்டு உறை இருக்கின்றன.